கோவையின் இரைச்சலை எங்கிருந்து அளப்பது?

கொச்சிக்கு மேற்கே ஒரு மீன்பிடிப் படகு கவிழ்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படகிலிருந்த அவசர பீக்கன், அதாவது ஆபத்தில் ரேடியோ வழியாக உதவி கேட்கும் கருவி, தண்ணீர் பட்டதும் விழித்துக்கொண்டு, 406 மெகாஹெர்ட்ஸில் சுமார் 50 நொடிக்கு ஒருமுறை அரை நொடி நேரம் குரல் கொடுக்கும். அதன் சக்தி 5 வாட். ராத்திரி எரிகிற பழைய ஜீரோ வாட் பல்பு 15 வாட் இழுக்கும்; அதில் மூன்றில் ஒரு பங்கு. சுமார் 850 கிலோமீட்டர் உயரத்தில் ஓடுகிற செயற்கைக்கோள் இதைப் பிடித்து, அலைவரிசை ஏறி இறங்குவதை வைத்துக் கணக்குப் போட்டு, படகு எங்கே என்று சொல்ல உதவ வேண்டும். கோஸ்பாஸ்-சார்சாட் என்கிற இந்த ஏற்பாட்டின் முதல் செயற்கைக்கோள் 1982 ஜூனில் ஏறியது. இந்தியாவுக்கான கட்டுப்பாட்டு மையம் பெங்களூரில் இருக்கிறது.

கடலே இல்லாத கொங்கு நாட்டுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கொச்சியிலிருந்து நேர்கோட்டில் 150 கிலோமீட்டருக்குள் கோவை. செயற்கைக்கோளின் காது ஒரே நேரத்தில் கேட்கும் வட்டமோ ஏறக்குறைய 6,000 கிலோமீட்டர் அகலம். படகின் குரலும், கோவை, திருப்பூர் இயந்திரங்களிலிருந்து கசிகிற ரேடியோ இரைச்சலும் ஒரே காதில்தான் விழும். இப்போது ஜிபிஎஸ், கலிலியோ போன்ற 20,000 கிலோமீட்டர் உயரச் செயற்கைக்கோள்களும் இந்த வேலையைப் பார்க்கின்றன. தூரம் கூடுவதால் மட்டும் பீக்கன் குரல் ஐந்நூறு மடங்குக்கும் மேல் மெலிகிறது. மற்ற ஏற்பாடுகள் ஓரளவு ஈடுகட்டும் என்றாலும் இரைச்சலுக்கு இடம் கொடுக்க முடியாது. நம் பக்கமும் மலைகள் உண்டு. 2021 டிசம்பர் 8 அன்று குன்னூர் அருகே ராணுவ ஹெலிகாப்டர் விழுந்தபோது நஞ்சப்பசத்திரத்து மக்கள் சத்தம் கேட்டு ஓடிப்போய் நின்றார்கள். பக்கத்தில் ஊரே இல்லாத சரிவு என்றால் பீக்கனை நம்பித்தான் தேட வேண்டியிருக்கும்.

406.0 முதல் 406.1 வரையிலான துண்டு உலகம் முழுக்க அவசர பீக்கன்களுக்கென்றே ஒதுக்கப்பட்டது. வேறு யாரும் அங்கே பேசக்கூடாது. பெரும்பாலும் பேசுவதும் இல்லை. ஒழுகுவதுதான் பிரச்சினை. பெருந்துறைப் பக்கம் ஒரு சாயப்பட்டறையில் இதைக் கண்ணால் பார்த்தேன். சாயமேற்றிய நூல் கோன்களை ரேடியோ அலையால் சூடாக்கி உலர்த்த ஆர்.எஃப். டிரையர் வைத்திருக்கிறார்கள், பல பத்து கிலோவாட் சக்தியில் 27.12 மெகாஹெர்ட்ஸில் ஓடுகிற இயந்திரம். தொழிற்சாலைகளுக்கு 26.957 முதல் 27.283 வரை விட்டிருக்கிறார்கள், அதற்குள் எங்கே ஓடினாலும் குற்றமில்லை. ஆனால் இப்படிப்பட்ட இயந்திரம் தன் அலைவரிசையின் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு என்று மடங்குகளிலும் கொஞ்சம் ஒழுகும். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 27.07ஐ 15ஆல் பெருக்கினால் 406.05. பீக்கன் துண்டின் நட்டநடு!

பழைய வால்வு வைத்த டிரையர்களில் உள்ளே போகும் சரக்கின் ஈரத்தைப் பொறுத்து அலைவரிசை நகரும். எந்த அலைவரிசையில் எவ்வளவு சக்தி என்று திரையில் வரைந்து காட்டும் கையடக்க ஸ்பெக்ட்ரம் அனலைசரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். ஈரக் கோன்கள் பெல்டில் உள்ளே போகப் போக, 405.6 அருகே இருந்த ஒரு சின்ன மேடு மெல்ல ஊர்ந்தது. கதவு ஓரத்து செப்புப் பட்டை தேய்ந்த இடத்தில் மேடு உயர்ந்தது. நாலு எட்டு தள்ளி நின்றால் காணவில்லை. இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் பையன், "ஏனுங் சார், கரண்டு ஒழுகுதுங்களா?" என்று கேட்டான். கிட்டத்தட்ட அதுதான் என்றேன்.

ஒரு டிரையரால் செயற்கைக்கோள் செவிடாகிவிடாது. ஒரு மாவட்டம் நிறைய டிரையர், வெல்டிங், மோட்டார் டிரைவ், தரமற்ற எல்.ஈ.டி. விளக்கு, பிளக்கில் ரெசிஸ்டர் இல்லாத மொபெட், கம்பத்தில் பொறிவிடும் இன்சுலேட்டர் எல்லாம் சேர்ந்தால் மேலே எவ்வளவு போகிறது என்பதே கேள்வி. இதைக் கடைசி வருட பிராஜெக்டாக எடுத்துக்கொண்டு மூன்று மாணவர்கள் என்னிடம் வந்தார்கள். விமானமா, ட்ரோனா, பலூனா என்பதில் அவர்களுக்குள்ளேயே சண்டை. கல்லூரி கொஞ்சம் பணம் தருகிறது, இரண்டு தடவை தராது.

எங்கிருந்து அளப்பது என்பதற்கு முன்னால், என்ன எண்ணை அளக்கிறோம் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் வண்டியைத் தேர்ந்தெடுக்கப் போனதுதான் அந்தச் சண்டைக்கே காரணம்.

இரைச்சலை வெப்பநிலையாகச் சொல்வது ரேடியோக்காரர்களின் பழைய வழக்கம். ஆன்டெனாவைத் தரையை நோக்கித் திருப்பினால், தென்னந்தோப்பானாலும் காடானாலும், மண்ணே சுமார் 300 கெல்வின் அளவுக்கு இரைகிறது. இதற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. வானத்தை நோக்கித் திருப்பினால், பால்வெளியை விட்டு விலகிய திசையில் சில பத்து கெல்வின்தான். 408 மெகாஹெர்ட்ஸில் முழு வானத்தையும் வரைந்த படம் 1982லேயே வெளிவந்துவிட்டதால் இந்த எண்ணுக்கு நாம் அலைய வேண்டாம். நகரத்தின் மேல் நின்று கீழே பார்க்கும்போது 300க்கு மேல் எவ்வளவு கூடுகிறதோ அதுதான் மனிதன் சேர்த்த இரைச்சல். ஆக நமக்கு வேண்டியவை மூன்று: மேலிருந்து கீழே பார்க்கிற கோணம், நகரம் இல்லாத ஓர் ஒப்பீட்டு இடம், ஒரு நாளின் ஏற்ற இறக்கத்தைப் பிடிக்கும் அளவுக்கு நேரம். எந்த வழியிலும் மூன்றும் ஒன்றாகக் கிடைக்காது.

ட்ரோனை முதலில் தள்ளிவிடலாம். மாணவர்களுக்கு அதுதான் ஆசை, கைவசமும் இருக்கிறது. ஆனால் அனுமதி கேட்காமல் பறக்கிற உச்ச உயரம் 120 மீட்டர். 60 டிகிரி அகலம் பார்க்கும் ஆன்டெனாவை அங்கிருந்து கீழே திருப்பினால் தெரிவது 140 மீட்டர் வட்டம். ஒரு தெரு, நாலு பட்டறை. அப்புறம் விமான நிலையத்தைச் சுற்றி 5 கிலோமீட்டருக்குள் சிவப்பு மண்டலம். பீளமேடு, சித்ரா, சிங்காநல்லூர் என்று நமக்கு வேண்டிய கிழக்குக் கோவையில் பெரும்பகுதி அங்கேயே அடிபட்டுப் போகும். அதைத் தாண்டினால் சூலூர் விமானப்படைத் தளம். போதாததற்கு ட்ரோனின் மோட்டார் கன்ட்ரோலரும் வீடியோ அனுப்பும் சர்க்யூட்டும் ஆன்டெனாவுக்கு ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து தாமே இரைந்துகொண்டிருக்கும். நகரத்தை அளக்கப் போய் ட்ரோனை அளந்துவிட்டு வருவோம். சந்தேகப்பட்ட ஒரே ஒரு கூரையின் மேல் நின்று "நீதானா?" என்று கேட்க மட்டும் அது நல்ல கருவி.

ஹைட்ரஜன் பலூனில் கட்டி மேலே விடுவது இரண்டாவது யோசனை. எங்கே இறங்கும் என்று யாரும் சொல்ல முடியாது. பாலக்காட்டுக் கணவாய்க் காற்று ஆடியில் அம்மியைத் தூக்குகிறதோ இல்லையோ, நம் ரிசீவரை தாராபுரத்துக்குக் கொண்டுபோய்விடும். இன்னொரு சிக்கலும் உண்டு. வானிலை பலூன்களின் அலைவரிசை 400.15 முதல் 406 வரை, அதாவது பீக்கன் துண்டின் காம்பவுண்டுச் சுவர் வரை. தகவலைக் கீழே அனுப்ப வழக்கமான வானிலைக் கருவியையே கட்டினால் நாமே அடுத்த வீட்டில் கத்துவதாகும்.

பலூன் என்றதும் ஒரு மாணவிக்குப் பொள்ளாச்சி ஞாபகம் வந்தது. பொங்கலை ஒட்டி அங்கே வெப்பக்காற்று பலூன் விழா நடக்கிறதே, அதில் ஏறினால் என்ன? முதலில் சிரித்தேன், பிறகு யோசித்தேன். ஆள் ஏறும் கூடை பிரம்பு. உலோக உடம்பு இல்லை. எஞ்சின் இல்லை, எஞ்சினைப் பற்றவைக்கப் பொறி விடும் மேக்னெட்டோ இல்லை, பறக்கும்போது இதைவிட அமைதியான வண்டி கிடையாது. கீழே தென்னந்தோப்பு. நகரம் இல்லாத ஒப்பீட்டு இடத்துக்கு இதைவிடப் பொருத்தம் ஏது? ஆனால் காற்று போகிற பக்கம்தான் பலூன் போகும். கோவைக்கு மேல் கொண்டுவா என்று சொல்ல முடியாது. விழாக்காரர்கள் இடம் கொடுத்தால் ஏறலாம், கொடுக்காவிட்டால் பிராஜெக்ட் நிற்கக்கூடாது. அதனால் இதைத் திட்டத்தில் வைக்காமல் ஆசையில் வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

செயற்கைக்கோளையே கேட்டால் என்ன என்பது நியாயமான கேள்வி. தாழப் பறக்கும் சில செயற்கைக்கோள்கள், 406இல் கேட்கிற சத்தத்தை அப்படியே 1544.5 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றிக் கீழே அனுப்புகின்றன. சின்ன டிஷ் வைத்து மொட்டை மாடியிலிருந்தே பிடிக்கலாம். விடாமல் கத்துகிற ஒரு தனி ஒலிபரப்பை அலைவரிசை நகர்வை வைத்து இடம் கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் பரவலான நகர இரைச்சல் என்பது கூட்டத்தின் சலசலப்பு. 6,000 கிலோமீட்டர் வட்டத்தில் கோவை எது, பெங்களூர் எது, கொழும்பு எது என்று பிரிக்க முடியாது. போதாக்குறைக்கு இந்த வேலையைப் பார்த்துவந்த அமெரிக்க வானிலைச் செயற்கைக்கோள்கள் நோவா 15, 18, 19 மூன்றும் 2025இல் ஓய்வுக்குப் போய்விட்டன.

மிச்சம் இருப்பவை மலை விளிம்பும் விமானமும்தான்.

குன்னூர் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர். கோவை சுமார் 410. இடையில் நேர்கோட்டில் நாற்பது கிலோமீட்டர் சொச்சம். ராத்திரியில் மலை விளிம்பில் நின்றால் மேட்டுப்பாளையம் முதல் கோவை வரை விளக்குத் தட்டை விரித்துவைத்த மாதிரி தெரியும். கண்ணுக்குத் தெரிவது ஆன்டெனாவுக்கும் தெரியும். எரிபொருள் செலவு இல்லை, வானில் வட்டமடிக்க அனுமதி வேண்டாம், மின்சாரம் கிடைத்தால் மாதக்கணக்கில் வைத்துவிட்டு வரலாம்.

போன மார்கழியில் ஒரு நண்பரின் தேயிலைத் தோட்டத்து வீட்டுத் திண்ணையில் இரண்டு ராத்திரி உட்கார்ந்து பார்த்தேன். எட்டு உறுப்பு யாகி ஆன்டெனா, சின்ன ஃபில்டர், ஆம்ப்ளிஃபயர், லேப்டாப்பை ரேடியோ ரிசீவராக்கும் சில ஆயிரம் ரூபாய் எஸ்.டி.ஆர். டோங்கிள், ஒரு லேப்டாப். முதல் ராத்திரி சமவெளியை நோக்கித் திருப்பியதும் இரைச்சல் குபுக்கென்று ஏறியது. அடேயப்பா, கோவை இவ்வளவு இரைகிறதா என்று ஒரு மணி நேரம் பூரித்துப்போனேன். அப்புறம் நேர அச்சை விரித்துப் பார்த்தால் சீப்புப் பல் மாதிரி 10 மில்லிநொடிக்கு ஒரு முள். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு அரைச் சுற்றிலும் ஒரு பொறி. தொலைவிலிருந்து ஆயிரம் மூலங்கள் கலந்து வந்தால் இப்படிப் பல் பல்லாக வராது. விடிகாலை மூன்று மணிக்குப் பனி இறங்கி எல்லாம் சொட்டச் சொட்ட நனைந்ததும் முள் மொத்தமும் மாயம். நனைந்தால் நிற்கிற சத்தம் என்றால் அது கம்பத்தில் தளர்ந்த பிணைப்பின் இடைவெளியில் தாவுகிற பொறி. ஈரம் அந்த இடைவெளியை இணைத்துவிடும். காலையில் போய்ப் பார்த்தேன். தோட்டத்து கேட்டை ஒட்டி நின்ற கம்பத்தில் இன்சுலேட்டர் பின் ஆடிக்கொண்டிருந்தது. கோவை என்று நினைத்து நான் ராத்திரி முழுக்க அளந்தது அந்தக் கம்பத்தை.

மலையின் உண்மையான குறை அதுவல்ல, கம்பத்தைச் சரிபண்ணிவிடலாம். கோணம்தான் குறை. 1,440 மீட்டர் உயர வித்தியாசம், 40 கிலோமீட்டர் தூரம் என்றால் நாம் நகரத்தைப் பார்க்கிற கோணம் 2 டிகிரி. ஒரு கட்டடத்தின் முதுகுக்குப் பின்னால் அடுத்தது ஒளிந்துகொள்ளும். செயற்கைக்கோள் நேர் மேலே வரும்போது கேட்பது சிமென்ட் ஷீட் கூரை வழியாகப் பட்டறையிலிருந்து மேலே கசிவதை. மலையிலிருந்து நாம் கேட்பது சுவர் வழியாகப் பக்கவாட்டில் கசிவதை. இரண்டும் ஒரே எண்ணாக இருக்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை.

ஆனாலும் நேரம் என்கிற ஒன்றை மலை அள்ளிக் கொடுக்கும். தீபாவளிக்குத் திருப்பூர் காலியாகிவிடுவது நமக்குத் தெரியும். வெளியூர்க்காரர்கள் பஸ் ஏறியதும் கம்பெனிகளுக்குப் பூட்டு விழும். அந்த வாரத்தின் எண்ணையும் அதற்கு முந்தைய, ஆர்டர் நெருக்கும் வாரத்தின் எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க எந்த விமானத்தாலும் முடியாது. அதுவரை வானத்தில் நிற்க முடியாதே.

விமானத்துக்கு வருவோம். இது புது யோசனை இல்லை. இந்த ஏற்பாடு பிறப்பதற்கு முன்பே, 1970களில், நாசாக்காரர்கள் விமானத்தில் ஆன்டெனா கட்டி அமெரிக்க நகரங்களின் மேல் பறந்து, அப்போதைய அவசர அலைவரிசைகளான 121.5, 243 மெகாஹெர்ட்ஸில் இரைச்சலை அளந்தார்கள். 121.5ஐ செயற்கைக்கோள்கள் 2009 பிப்ரவரி 1 முதல் கேட்பதையே நிறுத்திவிட்டன. பொய் அழைப்புகளின் தொல்லை அப்படி.

கணக்கு விமானத்துக்கு நன்றாகவே ஒத்துவருகிறது. தரையிலிருந்து 2,500 மீட்டர் உயரத்தில் அதே 60 டிகிரி ஆன்டெனாவுக்கு கிட்டத்தட்ட 3 கிலோமீட்டர் வட்டம் தெரியும். மணிக்கு 200 கிலோமீட்டர் வேகத்தில் நகரத்தின் 20 கிலோமீட்டரை ஆறு நிமிடத்தில் கடக்கலாம். 100 கிலோஹெர்ட்ஸ் அகலம், ஒரு நொடி சராசரி, ரிசீவரும் தரையும் சேர்ந்து 600 கெல்வின் என்று எடுத்துக்கொண்டால், சுமார் 2 கெல்வின் வித்தியாசத்தைப் பிரித்துச் சொல்லலாம். ஒரே காலையில் பொள்ளாச்சித் தென்னந்தோப்பு, குறிச்சி சிட்கோ தொழிற்பேட்டை, கணபதி, பல்லடம், திருப்பூர் என்று ஒரு கோடு இழுத்துவிடலாம்.

சிக்கல்கள் வேறு இடத்தில். விமானத்தின் வயிற்றில் ஆணி அடிப்பது நம் வீட்டுச் சுவரில் அடிப்பது மாதிரி இல்லை. வெளியே எதை மாட்டினாலும் பறப்புத் தகுதிக்கு ஒப்புதல் வேண்டும். ஜன்னல் ஓரம் உள்ளே வைத்தால் அந்தத் தொல்லை இல்லை, ஆனால் 74 சென்டிமீட்டர் அலைநீளத்துக்கு விமான ஜன்னல் ஒரு சாவித்துவாரம் மாதிரி, பக்கவாட்டில்தான் பார்க்கும். சின்ன விமானங்களின் பிஸ்டன் எஞ்சினில் மேக்னெட்டோ பொறி விடுகிறது. சூலூர் வான்வெளி குறுக்கே நிற்கிறது. வானிலிருந்து ஆய்வு என்றாலே விமானப் போக்குவரத்து இயக்ககமும் பாதுகாப்புத் துறையும் கேள்வி கேட்கும். அனுமதிக்கு மாதக்கணக்கில் ஆகும் என்று வைத்துக்கொண்டே தேதி குறிக்க வேண்டும்.

இன்னொன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன், மலைக்கும் இது பொருந்தும். மேலே ஏறினால் 406 மட்டும் கேட்காது. நூற்றுக்கணக்கான செல்போன் டவர்கள் மறைப்பே இல்லாமல் முகத்தில் அடிக்கும். ஆம்ப்ளிஃபயருக்கு முன்னால், வேண்டிய அலைவரிசையை மட்டும் உள்ளே விடும் நல்ல கேவிட்டி ஃபில்டர் இல்லாவிட்டால் ஆம்ப்ளிஃபயர் திணறி, இல்லாத இரைச்சலைக் காட்டும். பணம் குறைந்தால் எதை வேண்டுமானாலும் குறையுங்கள், ஃபில்டரைக் குறைக்காதீர்கள். அதேபோல், கருவி வேலை செய்கிறதா என்று பார்க்க நிஜ பீக்கனை ஒரு நொடிகூட ஆன் செய்யக்கூடாது. பெங்களூரில் மணி அடிக்கும், யாரோ நிஜமாகவே தேடக் கிளம்புவார்கள். தெரிந்த அளவு இரைச்சல் தரும் டயோடும், ஆன்டெனாவுக்குப் பதிலாக மாட்டும் 50 ஓம் லோடும் போதும்.

என் முடிவு இது. காசில் பெரும்பங்கு ஒரே ஒரு விமானப் பறப்புக்கு. ஆனால் முதலில் மலை. ஐப்பசி முழுக்க ரிசீவரைக் குன்னூர் விளிம்பில் வைத்து, தீபாவளிக்கு முன்னும் பின்னும் நகரம் எந்த நேரத்தில் எவ்வளவு இரைகிறது என்று பாருங்கள். எந்த நேரத்தில் பறந்தால் பயன் என்று அதுவே சொல்லும். அதற்குள் விமான அனுமதிக்கு மனு போட்டாகிவிட வேண்டும். மலை எண் உயரவே இல்லை என்றால் பறப்பை விட்டுவிடலாமா என்று ஒரு மாணவர் கேட்டார். விடக்கூடாது. 2 டிகிரியில் கேட்காதது 90 டிகிரியில் கேட்கலாம், அதைப் பார்க்கத்தானே பணம் கட்டுகிறோம்.

பறக்கும் தேதிக்கு எனக்கு ஒரு யோசனை உண்டு. மாதாந்திரப் பராமரிப்புக்காகத் துணை மின்நிலையம் வாரியாகக் கரண்டை நிறுத்துவார்கள், எந்தெந்த ஊர் என்று முன்கூட்டியே பேப்பரில் வரும். கணபதிக்கோ குறிச்சிக்கோ அப்படி ஒரு நாள் அமைந்தால், கரண்டு போவதற்கு அரை மணி முன்னால் ஒரு தடவையும் போன பிறகு ஒரு தடவையும் அதே கோட்டில் பறக்கலாம். ஜெனரேட்டர் வைத்திருப்பவர்கள் போக, மின்கம்பியில் தொங்குகிற இரைச்சல் எவ்வளவு என்று கழித்துப் பார்த்துவிடலாம். மாணவி உடனே போனை எடுத்து அடுத்த மாதத்து மின்தடைப் பட்டியல் வந்துவிட்டதா என்று தேட ஆரம்பித்தார். இன்னும் வரவில்லையாம்.